ஒரே நடையில் மேடைக்கு: எடை குறைந்த கிட்டார் ஆம்ப்களில் எது தேறும்?

ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 29 கிலோ. வாக்ஸ் ஏசி30 இரட்டை ஸ்பீக்கர் மாடல் 32 கிலோ. ரோலண்ட் ஜேசி-120, 28 கிலோ. கிட்டார் ஒலியைப் பெருக்கும் இந்த மூன்று ஆம்ப்களின் ஒலிக்கும் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் இவற்றில் ஒன்றை இரண்டு மாடி ஏற்றி வைத்துவிட்டு உடனே கிட்டாரைக் கையில் எடுத்தால், கைப்பிடியை இறுக்கிப் பிடித்த விரல்கள் கொஞ்ச நேரத்துக்குச் சொன்ன பேச்சைக் கேட்காது. மேடையில் வாசிப்பவருக்கு எடை என்பது முதுகுவலிப் பிரச்சினை மட்டுமல்ல, வாசிப்புப் பிரச்சினையும்கூட.

இந்த அலசலுக்கு அளவுகோல் ஒன்றுதான்: வண்டியிலிருந்து மேடைக்கு ஒரே நடை. முதுகில் கிட்டார் பை, ஒரு கையில் பெடல்போர்டு (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்களின் பலகை), மறு கையில் ஆம்ப். இப்படிக் கணக்குப் போட்டால் ஆம்புக்கு மிஞ்சுவது 10 கிலோ, இழுத்துப் பிடித்தால் 12. அதற்குள் டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கத் தாங்கும் ஆம்ப் எது, அந்த எடையைக் குறைக்க எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

எடை ஒளிந்திருக்கும் மூன்று இடங்கள்

முதலாவது இரும்பு. வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த ஆம்பில் மின்சாரத்தை ஏற்றி இறக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்க இன்னொன்று. இரண்டும் இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் சேர்ந்த கட்டிகள். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுற்று மட்டுமே அலைவதால் டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். ஸ்விட்ச்-மோட் சப்ளையில் அதையே நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. கூடவே ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதியாகக் கிளாஸ்-டி பவர் ஆம்ப் வந்தால் உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போய்ச் சேரும். வெப்பமாக வீணாவது கொஞ்சம்தான். எனவே அலுமினிய ஹீட்சிங்கும் சிறுக்கிறது.

இரண்டாவது காந்தம். பலருக்கும் பிடித்த செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒன்று 4.7 கிலோ. அதே 12 அங்குலத்தில், நியோடிமியம் காந்தம் வைத்த செலஸ்டியன் நியோ கிரீம்பேக் 1.9 கிலோ. இரட்டை ஸ்பீக்கர் ஆம்பில் இது ஒன்றே ஐந்தரை கிலோவைக் கழித்துவிடும்.

மூன்றாவது மரம். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை கனம், ஈரம் பட்டால் ஊதும், மூலை இடித்தால் உதிரும். நல்ல பிளைவுட் உறுதி, ஆனால் லேசு என்று சொல்ல முடியாது. பைன் மரம் லேசானது. பின்பக்கம் திறந்த கேபினெட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) அது கொஞ்சம் சேர்ந்து அதிர்வதைப் பலர் விரும்பவும் செய்கிறார்கள்.

ஒரு ஆம்ப் ‘லேசானது’ என்று விளம்பரம் வந்தால் இந்த மூன்றில் எங்கே கைவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றிலும் இல்லை, எட்டு அங்குல ஸ்பீக்கரைப் போட்டுப் பெட்டியைச் சுருக்கியிருக்கிறார்கள் என்றால் அது லேசான ஆம்ப் இல்லை, சின்ன ஆம்ப். எடையோடு கனத்த ஒலியும் போயிருக்கும்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம்

வாட்டை இரட்டித்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு ‘இரு மடங்கு சத்தம்’ என்று படுவதற்குச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே 50 வாட்டா 100 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கும் 100 தரும் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம், ஆம்பின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம். நல்ல ஸ்பீக்கர் எடை கூட்டாமல் சத்தம் கூட்டும்.

97 டெசிபல் ஸ்பீக்கரும் 22 வாட்டும் ஒரு மீட்டரில் ஏறக்குறைய 110 டெசிபல் தரும். திறந்தவெளியில் நான்கு மீட்டர் தள்ளி நின்றால் அது 98 ஆகிவிடும். குச்சியைத் தாராளமாக வீசும் டிரம்மர் பக்கத்தில், கரகரப்பில்லாத சுத்தமான ஒலி கேட்பவருக்கு இது பற்றாது. பெடலை மிதித்து ஓவர்டிரைவில் (வேண்டுமென்றே கலங்கவிட்ட கரகரப்பொலியில்) வாசிப்பவருக்குப் பெரும்பாலும் போதும். உங்களுக்கு எவ்வளவு வாட் வேண்டும் என்பதை முடிவு செய்வது அரங்கின் அளவு மட்டுமல்ல; உங்கள் சுத்தமான ஒலி எவ்வளவு சத்தத்தில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும்தான்.

ஃபெண்டர் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப்

2019-இல் வந்தது. இந்த வரம்புக்குள் நாங்கள் முதலில் கை காட்டுவது இதைத்தான். வால்வு வைத்த ’65 டீலக்ஸ் ரிவெர்ப் மறுபதிப்பு 19 கிலோ, இது 10.4. மேலே சொன்ன மூன்று இடங்களிலும் கைவைத்திருக்கிறார்கள்: கிளாஸ்-டி பவர், ஜென்சன் நியோடிமியம் ஸ்பீக்கர், பைன் கேபினெட். உள்ளே வால்வு கிடையாது, அதன் ஒலியைக் கணக்கிட்டுப் போலி செய்யும் டிஜிட்டல் மாடலிங். ஆனால் மெனு, திரை என்று எதுவும் இல்லை. முகப்பில் பழைய ஆம்பில் இருந்த அதே குமிழ்கள்.

இதன் பவர் பகுதி 100 வாட். 22 வாட் ஆம்பைப் போலி செய்ய எதற்கு அவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. வால்வு ஆம்பின் 22 வாட் என்பது ஒலி கலங்காத வரைக்குமான கணக்கு. அதைத் தாண்டி அழுத்தும்போது வெளியே வரும் சக்தி அதைவிட அதிகம். அந்த எகிறலை டிஜிட்டல் ஆம்ப் அப்படியே காட்ட வேண்டுமானால் அதன் பவர் பகுதி கையில் மிச்சம் வைத்திருக்க வேண்டும். சொந்தமாகக் கலங்கிவிடக் கூடாது. விளைவு, சத்தம் வால்வு மாடலுக்கு இணை, அதன் நான்கு மடங்கு இல்லை.

பின்பக்கம் 22, 12, 5, 1, 0.5, 0.2 வாட் என்று ஆறு நிலைச் சுவிட்ச் இருக்கிறது. மேடையில் 22, சின்ன அறையில் 5, நள்ளிரவு வீட்டுப் பயிற்சிக்கு 0.2. குமிழ் அமைப்பை மாற்றாமலே அதே குணம் கிடைக்கிறது. பக்கத்தில், அரங்கின் ஒலியைக் கலக்கும் மிக்ஸருக்கு நேராக வயர் இழுக்க எக்ஸ்எல்ஆர் லைன் அவுட். மைக் வைத்த கேபினெட்டின் ஒலியை அதுவே செய்து அனுப்பும். ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்த இடத்தில் மியூட்: ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மிக்ஸருக்கு மட்டும் அனுப்பலாம். ‘மேடையில் சத்தமே கூடாது’ என்று பிடிவாதமாக நிற்கும் சவுண்ட் இன்ஜினியரோடு சமாதானமாகப் போக இது உதவும். இன்னொரு சின்ன லாபமும் உண்டு. உள்ளே முழக்கம் தரும் ரிவெர்ப் ஸ்பிரிங் இல்லாததால், ஆடும் மரமேடையில் யாராவது குதித்தால் ‘டங்’ என்று இடி விழாது.

குறைகளுக்கு வருவோம். எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் சுற்றுக்கு நடுவே பெடலை இணைக்கும் துளைகள்) இல்லை. பழையதிலும் இல்லை என்பது சமாதானம்தான், தீர்வில்லை. டிலே (எதிரொலி) பெடலை ஆம்பின் சொந்தக் கரகரப்புக்குப் பின்னால் வைக்க நினைப்பவருக்கு இது ஆகாது. பழுது வந்தால் வால்வு மாற்றுவதுபோல ஐந்து நிமிட வேலை அல்ல; பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி, ஆம்பையே கரகரக்க விட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழால் அதைக் கட்டுப்படுத்தி வாசிப்பவர் வால்வு மாடலைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். சுத்தமான ஒலியின் மேல் பெடல் போட்டு வாசிப்பவர் யோசிக்கத் தேவையில்லை.

இன்னும் சத்தமான சுத்த ஒலி வேண்டுமென்றால் இதன் அண்ணன் டோன் மாஸ்டர் ட்வின் இருக்கிறது: இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், 15 கிலோ. எங்கள் வரம்பைத் தாண்டினாலும் அசல் ட்வினின் எடையில் ஏறக்குறைய பாதிதான்.

பாஸ் கட்டானா 50 எம்கே2

11.6 கிலோ, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 50 வாட். கைவசம் பெடல்போர்டே இல்லாதவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி தேடுவது கடினம். எஃபெக்ட்ஸ் எல்லாம் உள்ளேயே. பவர் சுவிட்ச் 0.5, 25, 50 என்று மூன்று நிலை. நியோடிமியம் இல்லாமலே இந்த எடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மேடையில் பலர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில். ரெக்கார்டிங் அவுட்டும் ஹெட்ஃபோனும் ஒரே ஜாக். அதில் வயரைச் செருகிய கணமே ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மிக்ஸருக்கு ஒரு வயர், மேடையில் கேட்க ஸ்பீக்கர் என்று இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. மிக்ஸருக்குப் போக வேண்டுமானால் முன்னால் மைக் வையுங்கள், அல்லது மானிட்டரை நம்புங்கள். இது ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டால் நல்லது. எங்கள் தீர்ப்பு: மைக் வைக்கும் மேடைகளுக்கு வாங்கலாம். நேரடி வயர் மட்டுமே கேட்கும் மேடைகளில் அதிகம் வாசிப்பவர் தள்ளி நிற்கலாம்.

பிளாக்ஸ்டார் செயின்ட் ஜேம்ஸ் 50

வால்வு இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்பவர்களுக்காக. 2022-இல் வந்த இந்த 50 வாட் வால்வு காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) சுமார் 13 கிலோ. ஒரு கிலோ கூடுதலை மன்னித்துவிடலாம். 6எல்6, இஎல்34 என்று இரண்டு வகை பவர் வால்வுகளில் கிடைக்கிறது. முந்தையது அகலமான சுத்த ஒலி, பிந்தையது நடுப்பகுதி முறுக்கேறிய கரகரப்பு. மின்சார டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஸ்விட்ச்-மோட் சப்ளை, கேண்டில்நட் என்ற லேசான மரத்தில் செய்த பிளைவுட், இதற்கென்றே செலஸ்டியன் செய்த எடை குறைந்த ஸ்பீக்கர். ஸ்பீக்கர்போல நடித்து ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரியாக்டிவ் லோடும் உள்ளேயே இருப்பதால் ஸ்பீக்கர் இல்லாமலும் மிக்ஸருக்கு அனுப்பலாம்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். லோடு இல்லாத சாதாரண வால்வு ஆம்பில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். செயின்ட் ஜேம்ஸில் செய்கிறோமே என்ற பழக்கத்தில் வேறொருவர் வால்வு ஆம்பிலும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

எடை குறைந்தாலும் வால்வு வால்வுதான். தேயும், அதிர்ந்தால் உள்ளே தகடு ஆடிக் கீச்சிடும், சூட்டோடு தூக்கி வண்டியில் போட்டால் ஆயுள் குறையும். வாசித்து முடித்ததும் முதலில் ஆம்பை அணைத்துவிட்டு, பெடல், வயர் எல்லாம் சுருட்டிக் கட்டி, கடைசியாக ஆம்பைத் தூக்குவதுதான் முறை. அதற்குள் ஆறியிருக்கும்.

ரோலண்ட் ஜேசி-22, ஜேசி-40

1975-இலிருந்து விற்கும் ஜேசி-120-இன் பிள்ளைகள். அந்தப் பனித்துளிபோன்ற சுத்த ஒலியும் கோரஸும்தான் இவற்றை வாங்கக் காரணம். ஜேசி-22 சுமார் 12 கிலோ, 30 வாட், ஆனால் இரண்டு ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள். டிரம்ஸ் இருக்கும் மேடையில் தனியாக நிற்காது. ஜேசி-40 இரண்டு 10 அங்குலம், 40 வாட், சுமார் 16 கிலோ. நிற்கும், ஆனால் நம் வரம்பை மீறுகிறது.

கோரஸ் பற்றி ஒரு விஷயம். ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலி, மற்றதில் லேசாகச் சுருதி அலையும் ஒலி. இரண்டும் காற்றில்தான் கலக்கின்றன. ஒரே மைக்கை ஒரே ஸ்பீக்கர் முன் வைத்தால் அந்தக் கலவை அரங்குக்குப் போகவே போகாது. இரண்டு மைக் வையுங்கள், இல்லையென்றால் ஸ்டீரியோ லைன் அவுட்டை எடுங்கள்.

பாக்கெட் ஹெட்கள்: யாருக்கு லாபம்?

ஸ்பீக்கர் இல்லாத ஆம்புக்கு ஹெட் என்று பெயர். ஆரஞ்சு மைக்ரோ டெரர் ஒரு கிலோவுக்கும் குறைவு, 20 வாட். முன்பகுதியில் ஒரே ஒரு வால்வு, பவர் டிரான்சிஸ்டர். குயில்டர் சூப்பர்பிளாக் பெடல் அளவுதான், 25 வாட், பெடல்போர்டிலேயே திருகிவிடலாம். எடையில் இவற்றோடு போட்டியே இல்லை. ஆனால் ஸ்பீக்கர் கேபினெட் எங்கே? அதையும் நீங்களே தூக்க வேண்டுமென்றால், ஒரு 12 அங்குல கேபினெட்டே பத்துப் பதினைந்து கிலோ வந்துவிடும், காம்போவே மேல். வாசிக்கும் இடங்களில் எல்லாம் கேபினெட் தயாராக இருக்கிறது, அல்லது பெரிய ஆம்ப் பழுதானால் கைகொடுக்கப் பையில் ஒன்று வேண்டும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

வாங்கியவர்கள் செய்யும் தவறுகள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான். கிட்டார் வயரை ஸ்பீக்கர் வயராகப் பயன்படுத்துவது: நுனி ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே தலைமுடி போன்ற கம்பி, சூடாகும், சக்தியைத் தின்னும். ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பார்க்காமல் இணைப்பது: குறைந்தபட்சம் 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஹெட்டில் இரண்டு 8 ஓம் கேபினெட்டை இணையாகப் போட்டால் அது 4 ஓம் ஆகிவிடும், நல்ல ஆம்ப் தானாக அணையும், மற்றது புகையும். மாறாக 16 ஓம் கேபினெட் போட்டால் ஆபத்தில்லை, ஆனால் சக்தி ஏறக்குறைய பாதியாகும். ‘25 வாட் என்றார்களே, சத்தமே இல்லையே’ என்ற புகாருக்கு இதுதான் அடிக்கடி காரணம். மூன்றாவதுதான் பயங்கரம்: ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து நேராக மிக்ஸருக்கு வயர் இழுப்பது. கிளாஸ்-டி ஆம்ப்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரு முனையிலும் மின்னழுத்தம் இருக்கும், ஒன்றுகூட கிரவுண்ட் அல்ல. மிக்ஸரின் கிரவுண்டோடு அது சேர்ந்தால் பவர் பகுதி அந்த இடத்திலேயே போய்விடலாம். லைன் அவுட் என்று எழுதிய துளையிலிருந்து மட்டும் எடுங்கள்.

மின்சாரம் இல்லாத இடமும் அகூஸ்டிக் கிட்டாரும்

தெருவோரம், பூங்கா என்றால் ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் இஎக்ஸ்: எட்டு ஏஏ பேட்டரியில் 50 வாட், 7.4 கிலோ, பாட்டுக்கு மைக் துளையும் உண்டு. முழு டிரம்ஸ் கிட்டுக்கு எதிரே இதை வைக்காதீர்கள். அகூஸ்டிக் கிட்டாருக்குத் தனி வகை ஆம்ப். ஏஇஆர் காம்பாக்ட் 60, ஆறரை கிலோ, 60 வாட், இவற்றில் அளவுகோலாகவே ஆகிவிட்டது. எலெக்ட்ரிக் ஆம்பில் அகூஸ்டிக்கைச் செருகினால் மந்தமாகக் கேட்பது உங்கள் கிட்டாரின் குற்றமில்லை. கிட்டார் ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும்.

கடையில் சோதிக்கும் முறை

உங்கள் கிட்டாரையும் பெடல்களையும் எடுத்துப் போங்கள். முதலில் வாசிக்காமல் தூக்குங்கள்: ஒரு கையால், நூறு அடி நடந்து, முடிந்தால் படி ஏறி. எடை சமமாக இருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து முழங்காலில் இடிக்கிறதா என்று பாருங்கள். நன்றாகச் சமன் செய்த 12 கிலோ, ஒருபக்கம் கனத்த 10 கிலோவைவிடச் சுகமாக இருக்கும்.

பிறகு கரகரப்பில்லாத ஒலியில், மேடையில் வைக்கும் சத்தத்துக்கே ஏற்றி, திறந்த ஈ கார்டை ஓங்கி அடியுங்கள். கனத்த கம்பிகள் ‘பொத்’ என்று தொய்ந்தால் அங்கேதான் அதன் எல்லை. அடுத்து ஆறாவது கம்பியில் ஒவ்வொரு ஃபிரெட்டாக 12 வரை மெதுவாக ஏறுங்கள். லேசான பெட்டிகளில் ஏதோ ஒரு சுரத்தில் பின்பலகையோ திருகோ கைப்பிடியோ கூடவே கிறுகிறுக்கும். திருகை முடுக்கினால் நிற்கிறதா என்று கேளுங்கள். நிற்காவிட்டால் வேறு பெட்டி. மூன்றாவதாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமைதியாகக் கேளுங்கள்: கூலிங் ஃபேன் ஓடுகிறதா? பாட்டுக்கு நடுவே அமைதி வரும்போது அது தெரியும். நான்காவதாக லைன் அவுட்டை ஒரு மிக்ஸரில் போட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அரங்கில் இருப்பவர்களுக்குப் போவது அந்த ஒலிதான். ‘ம்ம்’ என்ற ஹம் வந்தால், லைன் அவுட்டின் கிரவுண்டைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். ஊர்விட்டு ஊர் போகிறவர் பின்பக்க வோல்ட் எண்ணையும் பாருங்கள்: ஸ்விட்ச்-மோட் சப்ளை என்றாலே 100 முதல் 240 வரை ஏற்கும் என்று அர்த்தமில்லை, அங்கே அச்சிட்டிருந்தால்தான் உண்டு.

இருக்கும் ஆம்பையே லேசாக்க நினைப்பவர் ஸ்பீக்கரை மட்டும் நியோடிமியத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். அதே ஓம், ஆம்பின் வாட்டுக்குக் குறையாத தாங்குதிறன். கரகரப்பில் ஓட்டும் வால்வு ஆம்ப் என்றால் இரு மடங்கு வைப்பது பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் வயர் எது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். புதியதை மாட்டும்போது எதிரெதிர்த் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு சுருள் உரசும். ஸ்க்ரூடிரைவர் நழுவிக் காகிதக் கூம்பைக் குத்திவிடாமல் ஒரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். வால்வு ஆம்பின் சேசிஸை (மின்சுற்று இருக்கும் உலோகப் பெட்டியை) திறக்கவே வேண்டாம்; மின்சாரத்தைப் பிடுங்கிய பின்னும் உள்ளே கபாசிட்டரில் உயிரை எடுக்கும் வோல்ட் தங்கியிருக்கும்.

மேடையில் வைக்கும்போது ஆம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில்தான் போகும். தரையில் நிமிர்த்தி வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவீர்கள், முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்துவார். நாற்காலியில் ஏற்றினால் இன்னொரு கவனம் வேண்டும். 29 கிலோ ட்வினை வயர் இழுத்துக் கீழே தள்ளாது. 10 கிலோ ஆம்பைத் தள்ளும். கிட்டார் வயரைக் கைப்பிடிக்குள் ஒரு சுற்று விட்டு அப்புறம் ஜாக்கில் செருகுங்கள், நாற்காலியின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும்.